ஐந்து வாசல் வைத்த பெட்டி

கம்பத்தில் எனக்குச் சின்னதாக ஒரு கடை. கம்ப்யூட்டர் சர்வீஸ் என்று போர்டு இருக்கிறதே தவிர, பாதி நாள் கடையில் ஆள் இருக்காது. வேலையெல்லாம் மலைமேல். குமுளி, அணக்கரை, வண்டன்மேடு, கம்பம்மெட்டு என்று ஏலக்காய் இருக்கிற ஊரெல்லாம் கணக்கு எழுதும் கம்ப்யூட்டரும் இருக்கிறது. அங்கிருந்து வாரம் நான்கு தடவையாவது "நெட் வரலை, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்று போன் வரும். லோயர் கேம்ப்பில் மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்துக்கொண்டே கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப்போனால், மேலே போய் இறங்கும்போது போன் கேரளத்து டவருக்கு மாறியிருக்கும்.

அப்படி வந்த ஒரு போன்தான் இந்தக் கதை. குமுளியில் தேக்கடி போகிற ரோட்டில் மூன்று மாடிக் கட்டடம். முதலாளி கம்பத்துக்காரர், ராவுத்தர். பாய் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். கீழ்த்தளத்தில் ஏலக்காய் வியாபாரி ஒருவரின் கடையும் கிட்டங்கியும். அதை ஒட்டி, சுற்றுலா வருகிறவர்களுக்குக் கிராம்பும் பட்டையும் பாக்கெட் போட்டு விற்கும் கடை. முதல் மாடியில் பல் ஆஸ்பத்திரி. அதற்கு மேலே பாயின் சொந்த லாட்ஜ். பின்பக்கம் ஜீப் சவாரிக்கு ஆள் பிடிக்கும் டிராவல்ஸ். ஐந்து பேர், ஐந்து நெட் கனெக்‌ஷன், ஐந்து ரூட்டர்.

"ஆளுக்கொரு சர்வர் பெட்டி வாங்குனா ஆளுக்கொரு யூபிஎஸ், ஆளுக்கொரு பேட்டரி. மழைக்காலத்துல இங்க கரண்டு எப்படின்னு உனக்கே தெரியும். நல்லதா ஒண்ணு வாங்கி மாடிப்படிக்குக் கீழ வச்சிருவோம் தம்பி. வாடகையோட சேத்து நான் வாங்கிக்கிறேன்" என்றார் பாய். நல்ல யோசனைதான். லாட்ஜுக்குக் கேமரா பதிவு, வியாபாரிக்குக் கணக்கு, மசாலாக் கடைக்கு பில்லிங், டாக்டருக்கு எக்ஸ்ரே படங்களின் நகல், டிராவல்ஸுக்கு புக்கிங் ரிஜிஸ்டர். எல்லாமே ஒரு சர்வரில், அதாவது எல்லார் கோப்பையும் வைத்துக் கொடுக்கும் ஒரு பொதுக் கம்ப்யூட்டரில், அடங்கிவிடும்.

கிளம்பும்போது படியில் நிறுத்திச் சொன்னார்: "ஒண்ணு மட்டும். ஒருத்தன் கணக்கு இன்னொருத்தன் கண்ணுல படக் கூடாது."

ஏலக்காய் வியாபாரி இதையே என்னைத் தனியாகக் கூப்பிட்டு இன்னொரு முறை சொன்னார். அவர் கவலை நியாயம். எந்த ரகத்தை யாரிடம் என்ன விலைக்கு எடுத்தோம் என்பதுதான் அந்தத் தொழிலின் உயிர். போடியிலும் புத்தடியிலும் ஸ்பைசஸ் போர்டின் ஏல மையங்களில் விலை திரையில் எல்லார் கண்ணுக்கும் தெரியும். கடைக்குள் நடக்கும் கொள்முதல் அப்படி இல்லை. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவது போலத்தான்.

சரி, ஐந்து பேருக்கு ஐந்து வாசல் வைத்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். சர்வரின் மதர்போர்டிலேயே இருந்த, கேபிள் சொருகும் ஒரு நெட்வொர்க் போர்ட்டோடு நான்கு போர்ட் உள்ள ஒரு கார்டையும் சொருகினேன். ஒவ்வொரு ரூட்டரிலிருந்தும் ஒரு கேபிள் இறங்கி அந்தப் பெட்டிக்கு வரும். ஐந்து நெட்வொர்க்கிலும் சர்வருக்கு ஒரு கால் இருக்கும், அவற்றுக்குள் ஒட்டுறவு இருக்காது. ஒரு நாள் வேலை என்று பாயிடம் சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

முதல் அடி முகவரியில், அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் இருக்கும் எண்ணில், விழுந்தது. ஐந்து ரூட்டரில் மூன்று 192.168.1.1. பல் ஆஸ்பத்திரி, மசாலாக் கடை, டிராவல்ஸ் மூன்றுமே. யாரும் வேண்டுமென்று வைத்ததில்லை. பெட்டியைப் பிரித்து சுவரில் மாட்டும்போது கம்பெனி போட்டு அனுப்பியது அப்படியே இருந்தது, அவ்வளவுதான். உள் நெட்வொர்க்குகளுக்கென்று மூன்று முகவரித் தொகுதிகளை 1996 பிப்ரவரியில் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணைய விதி ஆவணம் ஒதுக்கி வைத்தது. 10 என்று தொடங்குவதில் 1,67,77,216 முகவரிகள், 172.16 தொகுதியில் 10,48,576, 192.168-இல் 65,536. இவ்வளவு பரந்து கிடந்தும் ஊர் உலகமே 192.168-இன் முதல் மூலையில் போய் நெருக்கிக்கொண்டு நிற்கிறது.

தனித்தனியாக இருக்கும்வரை இதில் தொல்லை ஏதும் இல்லை. எல்லாத் தெருவிலும்தான் ஒன்றாம் நம்பர் வீடு இருக்கிறது, தபால்காரர் குழம்புவதில்லை. ஆனால் மூன்று தெருவையும் ஒரே முற்றத்தில் கொண்டுவந்து சேர்த்தால்? 192.168.1.20-க்கு பதில் அனுப்ப வேண்டும் என்று சர்வர் தன் வழிப் பட்டியலைப் பார்க்கும். அந்த முகவரிக்கு மூன்று போர்ட்டும் வழி என்று எழுதியிருக்கும். முன்னுரிமை எதற்கோ அதன் வழியாக அனுப்பிவிட்டுத் தன் வேலை முடிந்தது என்று இருந்துவிடும். மசாலாக் கடை கேட்ட கேள்விக்குப் பதில் டாக்டர் மாடியில் போய் ஆளில்லாமல் நிற்கும். கேட்டவர்களுக்கோ "சர்வர் தொங்குது".

முகவரியை மாற்றுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. மசாலாக் கடையை 10.40.20 என்றும் டிராவல்ஸை 10.40.50 என்றும் மாற்றினேன். ரூட்டரில் மாற்ற ஐந்து நிமிடம். அப்புறம் பில் பிரிண்டர் ஊமையாகிவிட்டது, அதன் பழைய நம்பர் பில்லிங் சாஃப்ட்வேருக்குள் எங்கோ எழுதப்பட்டிருந்தது. அதைத் தேடிப் பிடிப்பதற்குள் மதியம் போய்விட்டது. கடைக்காரம்மா மாலை வரை கையால் பில் எழுதினார்.

டாக்டரிடம் மாற்ற முடியவில்லை. எக்ஸ்ரே மெஷினின் முகவரியை கம்பெனி ஆள்தான் மாற்ற வேண்டும், அவர் எர்ணாகுளத்திலிருந்து வர வேண்டும், எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. டாக்டர் மலையாளி, சாந்தமான மனிதர். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றதைப் பார்த்து "குழப்பமில்லா" என்றார். மலையாளத்தில் அதற்குப் 'பரவாயில்லை' என்று அர்த்தம். இருபது வருடமாக மலைக்கு ஏறி இறங்குகிறேன், இன்னும் அந்த வார்த்தை காதில் விழுந்தால் ஒரு நொடி குழம்பித்தான் தெளிகிறேன். 192.168.1 டாக்டருக்கே என்று விட்டுவிட்டேன்.

முகவரிகள் எல்லாம் பிரிந்துவிட்டன. அன்று சாயங்காலம் ஒரு சோதனை செய்து பார்த்தேன். செய்தது நல்லதாகப் போயிற்று. ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் இருந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். ஏலக்காய் வியாபாரியின் பக்கம் சர்வருக்கு 192.168.0.10 என்று முகவரி. அங்கே போக வேண்டுமானால் சர்வரின் ஆஸ்பத்திரிப் பக்க முகவரி வழியாகப் போ என்று அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு வரி எழுதிவிட்டு, பிரவுசரைத் திறந்தேன். வியாபாரியின் கணக்குப் பக்கம் வந்து 'பாஸ்வேர்டு?' என்று கேட்டது. பாஸ்வேர்டு இருந்தது, உண்மைதான். ஆனால் மாடியில் பல் பிடுங்க வந்தவர் கண்ணுக்கு அந்தக் கதவே தெரிந்திருக்கக் கூடாது.

ஏன் இப்படி என்பது சர்வரில் ஓடும் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் குணத்தில் இருக்கிறது. போர்ட்டுக்கு ஒரு முகவரி கொடுக்கிறோம் என்று நாம் நினைக்கிறோம். லினக்ஸ் அதை மொத்தப் பெட்டிக்கும் உரிய முகவரியாக எடுத்துக்கொள்கிறது. எந்த வாசலில் வந்து கூப்பிட்டாலும், கூப்பிட்ட பெயர் தன்னுடையது என்றால் "இந்தா இருக்கேன்" என்று எட்டிப் பார்க்கும். பல கால் உள்ள கணினி இந்த விஷயத்தில் கண்டிப்பாக இருக்கலாமா, தாராளமாக இருக்கலாமா என்று 1989 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 1122 இரண்டு பக்கமும் பேசிவிட்டு, முடிவை அவரவரிடம் விட்டுவிட்டது. லினக்ஸ் தாராளம்.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு, நானும் சறுக்கியிருக்கிறேன். அந்தக் கணக்குப் பக்கத்தைத் தரும் மென்பொருளை வியாபாரி பக்க முகவரியில் மட்டும் காது கொடுக்கச் செய்தால் போதும் என்று தோன்றும். போதாது. என் சோதனையில் ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து கூப்பிட்டதே அந்த முகவரியைத்தானே! எதை உள்ளே விடலாம் என்று தீர்மானிக்கும் ஃபயர்வாலில் போர்ட் வாரியாக எழுத வேண்டும்: ஆஸ்பத்திரி போர்ட்டில் வந்தது, ஆஸ்பத்திரி பக்க முகவரியைத் தேடி வரவில்லை என்றால், கீழே போடு. ஐந்து போர்ட்டுக்கும் ஐந்து வரி. எழுதியபின் அதே கம்ப்யூட்டரில் அதே பக்கத்தைத் திறந்தேன். சுற்றிக்கொண்டே இருந்தது, வரவில்லை. அன்று ராத்திரி நிம்மதியாகக் கீழே இறங்கினேன்.

நிம்மதி இரண்டு நாள். சர்வரை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்தால் அப்டேட் வரும், அடுத்த முறை வராது. காரணம் என் பழக்கதோஷம். நெட்வொர்க் அமைக்கும் திரையில் முகவரி, மாஸ்க், கேட்வே என்று மூன்று கட்டம் இருக்கும். மூன்றையும் நிரப்பியே கை பழகிவிட்டது. ஐந்து போர்ட்டுக்கும் ஐந்து கேட்வே கொடுத்திருந்தேன். கேட்வே என்பது 'வேறெந்த வழியும் தெரியாவிட்டால் இப்படிப் போ' என்பது. அந்த 'வேறெந்த' ஒன்றுதான் இருக்க முடியும். தன் சொந்த ஐந்து தெருக்களுக்குப் போக சர்வருக்குக் கேட்வேயே தேவையில்லை, கால்தான் அங்கேயே இருக்கிறதே. நான்கை அழித்துவிட்டு லாட்ஜ் ரூட்டரை மட்டும் வைத்தேன். பில் கட்டுகிறவர் பாய்.

இப்போது வியாபாரியிடமிருந்து போன். கடைக்குள் நன்றாக வேலை செய்கிறது. வண்டன்மேட்டுக் கிட்டங்கியிலிருந்து திறந்தால் மட்டும் வரவில்லை. அந்தக் கிட்டங்கியை அவருடைய ரூட்டர் விபிஎன் என்ற இணையவழி ரகசியப் பாதை வழியாக ஏற்கெனவே கடையோடு இணைத்திருந்தது, அங்கே முகவரி 192.168.77. கடைப் பிரிண்டர் அங்கிருந்து வேலை செய்கிறது, சர்வர் மட்டும் இல்லை.

அன்று ராத்திரி லாட்ஜில் ஒரு அறை கொடுத்தார் பாய். வெளியே மழை. மாடிப்படிக்குக் கீழே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கடை போர்ட்டில் டிசிபிடம்ப்பை ஓட விட்டேன். போய்வரும் ஒவ்வொரு தகவல் பாக்கெட்டையும் ஒரு வரியாகத் திரையில் காட்டும் கருவி அது. கிட்டங்கியில் இருந்த பையனை போனில் பிடித்து "இப்பத் திற" என்றேன். 77.5-இலிருந்து ஒரு வரி வந்தது. ஒரு விநாடி கழித்து அதே வரி. அப்புறம் இரண்டு விநாடி, நான்கு விநாடி இடைவெளி விட்டு மறுபடி அதே வரி. கதவைத் தட்டித் தட்டிப் பார்க்கிற மாதிரி. உள்ளேயிருந்து பதிலே கிடையாது.

லினக்ஸில் ஒரு காவல் உண்டு. ஒரு பாக்கெட் வந்தால், இவருக்கு நான் பதில் சொல்வதாயிருந்தால் இதே வாசல் வழியாகத்தான் போவேனா என்று பார்க்கும். இல்லையென்றால் பொய் முகவரி போட்டு வந்த ஆள் என்று சொல்லி, சத்தமில்லாமல் தள்ளிவிடும். சர்வருக்கு 77 என்ற தெருவே தெரியாது, தெரியாததெல்லாம் லாட்ஜ் வழி. கடை வாசலில் வந்தவருக்கு லாட்ஜ் வாசலில் பதில் என்றால் சந்தேகம் வராதா? பல இணைப்பு உள்ளவர்களுக்கு இந்தக் கண்டிப்பு ஒத்துவராது, கொஞ்சம் தளர்த்தலாம் என்று 2004 மார்ச்சில் ஆர்எஃப்சி 3704 எழுதி வைத்திருக்கிறது. லினக்ஸ் அமைப்பில் கண்டிப்புக்கு எண் 1, தளர்வுக்கு 2. இரண்டாக்கிப் பார்த்தேன். பதில் இப்போது புறப்பட்டது. எதிர்பார்த்தபடியே லாட்ஜ் போர்ட் வழியாக, லாட்ஜ் ரூட்டருக்கு. அது 192.168.77-ஐக் கண்டதா, கேட்டதா? எங்கோ எறிந்துவிட்டது.

77-க்குக் கடை வழி என்று ஒரு வரி எழுதினால் கிட்டங்கிப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் வியாபாரி சில சமயம் போடிக்குப் போகிறவர். அங்கிருந்து போனிலேயே திறந்து பார்க்க வேண்டும் என்று கடை ரூட்டரில் வெளியிலிருந்து ஒரு வழியும் விட்டிருந்தார். போனின் முகவரி இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று. அதற்கெல்லாம் முன்கூட்டி வரி எழுத முடியாது.

இதற்கு மருந்து பாலிசி ரூட்டிங். சாதாரணமாக சர்வர் 'யாருக்குப் போகிறது' என்று மட்டும் பார்த்து வழி சொல்லும். 'எந்த முகவரியிலிருந்து போகிறது' என்றும் பார்க்கச் சொல்லலாம். லினக்ஸில் வழிப் பட்டியல் ஒன்றல்ல, எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். நாம் தினமும் பார்ப்பது 254-ஆம் எண் பட்டியல். நான் 100, 101 என்று ஆளுக்கொரு பட்டியல் போட்டேன். 192.168.0.10 என்ற முகவரியிலிருந்து புறப்படும் பதில் எதுவானாலும் 100-ஐப் பார், அதில் கேட்வே கடை ரூட்டர். அவ்வளவுதான். எந்த வாசலில் வந்து கேட்டார்களோ அந்த வாசலிலேயே பதில். தளர்த்தி வைத்த காவலையும் மறுபடி 1-க்குக் கொண்டுவந்துவிட்டேன், இப்போது அது குறை சொல்லவில்லை. கிட்டங்கிப் பையன் போனில் "அண்ணே வந்துருச்சு" என்றபோது மணி பன்னிரண்டே கால். மழை நிற்கவில்லை.

இதுவரை நடந்ததெல்லாம் கற்றுக்கொண்ட கணக்கில் சேரும். அடுத்தது நான் செய்த தப்பு.

கார்த்திகை பிறந்துவிட்டது. சபரிமலை சீசன் தொடங்கினால் குமுளி வேறு ஊர். ஆந்திரா, கர்நாடகா, தமிழ்நாட்டு வண்டிகள் ராத்திரி பகலாக வந்துகொண்டே இருக்கும். பாய் லாட்ஜில் அறைக்கு ஆறு சாமி, எட்டு சாமி. அந்தச் சமயத்தில் வியாபாரியின் புதுக் கணக்கு சாஃப்ட்வேர் விண்டோஸில்தான் ஓடும் என்பதால், சர்வருக்குள் அவருக்கென்று மென்பொருளாலேயே ஆன ஒரு மெய்நிகர் கணினி வைத்தேன். மெய்நிகர் கணினிக்கு நெட்வொர்க் கொடுக்க, சர்வருக்குள் பிரிட்ஜ் என்று ஒன்றைக் கட்டி அதில் உண்மையான போர்ட்டைச் சேர்க்க வேண்டும். அது பல கேபிள்களை ஒன்றாக இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச் மாதிரி. வியாபாரிக்கு ஒரு பிரிட்ஜ், லாட்ஜ் கேமராவுக்கு ஒரு பிரிட்ஜ். லாட்ஜ் போர்ட்டின் பெயரை நான் தவறுதலாக வியாபாரியின் பிரிட்ஜிலேயே எழுதிவிட்டேன். ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். சாயங்காலம் ஆறு மணிக்கு 'அப்ளை' அழுத்திவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

எங்கள் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாறு தண்ணீரை நம்பி 14,707 ஏக்கரில் இருபோகம் நெல் நடக்கிறது. அங்கே வளர்ந்தவனுக்கு நான் செய்ததை ஒரு வரியில் சொல்லிவிடலாம். இரண்டு வயலுக்கு நடுவில் இருந்த வரப்பை வெட்டி விட்டுவிட்டேன்.

ராத்திரி முழுக்க லாட்ஜுக்கு வந்த சாமிகளின் போன்கள் வைஃபையில் சேர்ந்து "எனக்கொரு முகவரி கொடு" என்று கேட்டிருக்கின்றன. அந்தக் கேள்வி நெட்வொர்க்கில் இருக்கிற அத்தனை பேர் காதிலும் விழும்படி கேட்கப்படுவது. வரப்பு இல்லாததால் லாட்ஜ் ரூட்டர் காதிலும் விழுந்தது, கீழே வியாபாரியின் ரூட்டர் காதிலும் விழுந்தது. யார் முதலில் கொடுக்கிறார்களோ அவர்களிடம் வாங்கிக்கொள்ளும். வியாபாரியின் ரூட்டர் புதுசு, சுறுசுறுப்பு. கையிலிருந்த நூறு முகவரியையும் விடிவதற்குள் அள்ளிக் கொடுத்துவிட்டது.

காலையில் கடை திறந்தார்கள். கடைக் கம்ப்யூட்டருக்கு முகவரி இல்லை. வியாபாரி ரூட்டர் திரையைத் திறந்து பார்த்திருக்கிறார், வரிசையாக யார் யார் போன் பெயரோ. கணக்குத் திருட ஒரு படையே இறங்கிவிட்டது என்று நினைத்துவிட்டார். நான் ஏழரை மணிக்கு தோட்டத்து ஜீப் ஒன்றில் தொற்றிக்கொண்டு மேலே போனேன். கூடலூரிலிருந்து வேலைக்குப் போகிற அம்மாக்கள், தூக்குச் சட்டியும் மழைக் கோட்டுமாக. "என்ன சார் காலையிலயே மூஞ்சி இப்படி இருக்கு" என்று ஒருவர் கேட்டே விட்டார்.

கடையில் போய் ஒளிவுமறைவில்லாமல் சொன்னேன், தப்பு என்னுடையது, யாரும் கணக்கைப் பார்க்கவில்லை, அதற்குப் பாஸ்வேர்டு வேண்டும், அவர்கள் வாங்கியது முகவரியும் உங்கள் நெட்டில் கொஞ்சம் வாட்ஸாப்பும்தான் என்று. பத்து நிமிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்புறம் டீ வந்தது. போர்ட் பெயரைத் திருத்த இரண்டு நிமிடம் ஆனது. போன்கள் வாங்கிப்போன முகவரிகளை ரூட்டர் திரும்ப எடுத்துக்கொள்ள வைக்க இன்னும் ஒரு ரீஸ்டார்ட்.

அந்தப் பயத்தில் அன்றைக்கே மொத்தப் பெட்டியையும் அலசினேன். இன்னொன்று அகப்பட்டது. ஒரு வாசலில் வந்ததை இன்னொரு வாசல் வழியாகத் தள்ளிவிடலாமா என்பதற்கு லினக்ஸில் ஒரே ஒரு எண். சர்வருக்கு 0, ரூட்டருக்கு 1. நான் 0 என்றுதான் விட்டிருந்தேன். பார்த்தால் 1. பில்லிங்குக்காக நிறுவிய, மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டியாக ஓட்டும் கண்டெய்னர் மென்பொருள் தன் சொந்தத் தேவைக்கு அதை ஏற்றி வைத்திருந்தது. பெட்டி எனக்குத் தெரியாமலே ரூட்டராக நின்றுகொண்டிருந்திருக்கிறது. இப்போது ஃபயர்வாலில் முதல் வரியே, போர்ட்டுக்குப் போர்ட் எதுவும் தாண்டாது என்பதுதான். யார் அந்த எண்ணை ஏற்றினாலும் அந்த வரி நிற்கும்.

மதுரையில் எனக்கு மூத்தவர் ஒருவர் இருக்கிறார், பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு நெட்வொர்க் பார்க்கிறவர். இந்தக் கதையைப் போனில் சொன்னதும் சிரித்தார். "உன்னோட சர்வர் ஏம்ப்பா எல்லார் வீட்டுக்கும் போய்க் கால நீட்டுது? அது தன் வீட்டுல இருக்கட்டும். நடுவுல ஒரு ஃபயர்வால வை. வேணுங்கிறவன் அது வழியா வந்துட்டுப் போகட்டும்." அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஐந்து வீட்டிலும் கால் வைத்திருக்கிற பெட்டியை ஒருவன் உடைத்துவிட்டால் ஐந்து வீட்டுக்குள்ளும் நின்றுவிடுகிறான். அந்த ஒரு காரணத்துக்காகவே புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அவர் வழியைத்தான் நானும் சொல்வேன்.

இருந்தாலும் நான் பாதிதான் கேட்டேன். லாட்ஜில் 16 கேமரா, ஒவ்வொன்றும் விநாடிக்கு 2 மெகாபிட். ஒரு நாளைக்கு 345 ஜிபி, 4 டிபி டிஸ்க்கில் பதினோரு நாள் பதிவு. அந்த 32 மெகாபிட்டை ஒரு சின்ன ஃபயர்வால் தாங்காது என்றில்லை. ஆனால் அது ஒரு தடவை மூச்சுவிட நின்றால் பதிவும் நிற்கும், சீசனில் ஒரு சாமியின் பை காணாமல் போனால் பாய் அந்த நிமிடத்தைத்தான் கேட்பார். கேமராவுக்கு நேர் கால், மற்ற நான்கு பேருக்கும் ஃபயர்வால் வழி என்று வைத்தேன். மதுரைக்காரருக்கு இது பிடிக்கவில்லை. இன்னும் பிடிக்கவில்லை.

கேபிள்களையும் குறைத்தேன். ஐந்தும் நீல நிறம், சுத்தம் செய்யும்போது ஒருமுறை இரண்டு இடம் மாறிச் சொருகப்பட்டு அரை நாள் போனது. இப்போது படிக்குக் கீழே நிர்வகிக்கக்கூடிய சுவிட்ச் ஒன்று. ஒவ்வொருவருக்கும், ஒரே வயரில் நெட்வொர்க்குகளைப் பிரித்துக் காட்டும் ஒரு வீலான் எண்: 10, 20, 30, 40, 50. சுவிட்சிலிருந்து மேலே போவது ஒரே வயர், அதில் ஓடும் ஒவ்வொரு தகவல் துண்டின் நெற்றியிலும் 4 பைட்டில் ஒரு சீட்டு. அதில் எண்ணுக்கு 12 பிட், அதனால் 4094 பேரை வைக்கலாம். பாய் இன்னும் நான்கு மாடி கட்டினாலும் தீராது.

டாக்டரின் 192.168.1 மட்டும் ஊசி மாதிரி குத்திக்கொண்டே இருந்தது. அவருடைய நகல் வேலையைத் தனி நெட்வொர்க் நேம்ஸ்பேஸில் அடைத்துவிட்டேன். சர்வருக்குள்ளேயே ஒரு தனி அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கென்று சொந்த வழிப் பட்டியல், சொந்த ஃபயர்வால். அந்த அறைக்குள் 192.168.1 என்றால் டாக்டர் மட்டும்தான். வெளியே இன்னொருவர் அதே எண்ணோடு வந்தாலும் இரண்டும் ஒன்றையொன்று அறியாது. இதை முதல் நாளே தெரிந்து செய்திருந்தால் மசாலாக் கடைக்காரம்மா கையால் பில் எழுதியிருக்க வேண்டாம். அவர் அதை இன்னும் மறக்கவில்லை.

அணக்கரையில் வியாபாரிக்கு ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் ஒன்று உண்டு. அங்கே நெட் வெறும் சிம் கார்டு. அதற்குக் கிடைக்கும் முகவரி 100.64-இல் தொடங்கும், நெட் கம்பெனிகள் தங்கள் வலைக்குள்ளேயே வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க 2012-இல் ஒதுக்கப்பட்ட தொகுதி. வெளியிலிருந்து அதைக் கூப்பிட முடியாது, அங்கிருந்துதான் நம்மைக் கூப்பிட வேண்டும். வயர்கார்டு என்ற விபிஎன் போட்டேன். 2020-இல் லினக்ஸுக்குள்ளேயே வந்துவிட்டது, இருபது வரிக்குள் அமைத்துவிடலாம். ஆனால் அதிலும் அதே பழைய வம்பு: ஒரு முகவரித் தொகுதியை ஓர் இணைப்பில் ஒரு ஆளுக்குத்தான் எழுதிவைக்க முடியும். ஸ்டோர் ரூட்டரின் முகவரி என்ன என்று கேட்டேன். சொல்ல வேண்டுமா? ஏறுவதற்கு முன்பே போனில் சொல்லி 10.40.15-க்கு மாற்ற வைத்துவிட்டேன். இப்போதெல்லாம் எந்த இடத்துக்குப் போனாலும் நான் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

போன மாதம் பாயிடமிருந்து போன். டிராவல்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி வருகிறதாம், அவர்களுக்கும் பில்லிங் வேண்டுமாம். போனேன். கண்ணாடி அலமாரிகள் இன்னும் பிளாஸ்டிக் பிரிக்காமல் இருந்தன. சுவரில் ரூட்டர் மட்டும் ஏற்கெனவே மாட்டியாகிவிட்டது, பச்சை விளக்கு எரிகிறது. பின்னால் திருப்பி ஸ்டிக்கரைப் பார்த்தேன். 192.168.1.1. கீழே இறங்கி சுவிட்சின் ஆறாவது போர்ட்டில் '60' என்று எழுதி ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு நிமிர்ந்தால், மாடிப்படியில் டாக்டர். எர்ணாகுளத்து ஆள் வந்திருக்கிறார், எக்ஸ்ரே மெஷினுக்கு என்ன முகவரி வேண்டும் என்று கேட்கிறார் என்றார்.